ஒரு கெண்டை மீனும் எண்பது பைட்டும்

"வயசு இருபத்தெட்டு ஆகுது, இன்னும் பொம்மை ஜந்து வளர்த்துக்கிட்டு இருக்கியா?"

இந்தக் கேள்வியைப் பல பேரிடம் பல விதமாக வாங்கியாச்சு மக்களே. அம்மா கேட்கும்போது அதற்குள்ளே கல்யாணப் பேச்சு ஒளிந்திருக்கும். ரூம்மேட் கேட்கும்போது "வாடா, துப்பாக்கி கேமுக்கு ஒரு ஆள் குறையுது" என்ற அழைப்பு இருக்கும். ஆபீசில் பக்கத்து சீட்டு நண்பர் மட்டும் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். "சுடுறது புரியுது, கார் ஓட்டுறது புரியுது, கிரிக்கெட் ஆடுறது புரியுது. உட்கார்ந்து ஒரு ஜந்துவை வளர்க்குறதுல என்னய்யா இருக்கு?"

பொட்டி தட்டும் ஆசாமிக்கு யாராவது "ஏன்?" என்று கேட்டுவிட்டால் தூக்கம் வராது. ஆகவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில் எடுத்துக்கிட்டு வாங்க :-)

முதலில், இந்த வகை விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காக ரெண்டு வரி. ஓர் உலகம் இருக்கும். காடு, குகை, கடல் எல்லாவற்றிலும் விதவிதமான ஜந்துக்கள் திரியும். அதில் சிலதைப் பிடித்து, சண்டைக்கு அனுப்பி, அனுபவப் புள்ளி சேர்த்து, லெவல் ஏற்றி வளர்க்க வேண்டும். நாம் சண்டை போட மாட்டோம், நாம் வளர்த்ததுதான் போடும். இந்த வகையில் உலகத்துக்கே தெரிந்த பெயர் போக்கிமான். ஆனால் அதுதான் முதல் என்று நினைத்துவிட வேண்டாம். 1987-லேயே ஜப்பானில் மெகாமி டென்செய் என்று ஒன்று வந்தது. அதில் பேய்களோடு பேரம் பேசி நம் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். 1992-ல் வந்த ஐந்தாவது டிராகன் குவெஸ்ட்டில் நம்மிடம் தோற்ற ஜந்து சில நேரம் எழுந்து வந்து "நானும் உங்ககூட வரேன்" என்று சேர்ந்துகொள்ளும். போக்கிமான் வந்தது 1996 பிப்ரவரி 27 அன்று, ரெட், கிரீன் என்று இரண்டு பதிப்பாக, கேம் பாய் என்ற கையடக்கப் பெட்டிக்கு.

அதை உருவாக்கிய சத்தோஷி தாஜிரி 1965-ல் பிறந்தவர். டோக்கியோவை ஒட்டிய மச்சிடாவில் வளர்ந்தவர். சின்ன வயதில் பூச்சி பிடிப்பதுதான் அவருக்குப் பைத்தியம். நாம் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்து, கருவேல இலை போட்டு, முட்டை போட்டுவிட்டதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்தோமே, கிட்டத்தட்ட அதே பைத்தியம். அவர் வளர வளர ஊரும் வளர்ந்து, குளமும் வயலும் போய் கட்டடம் வந்துவிட்டது. கேம் பாயை இன்னொரு கேம் பாயோடு இணைக்கும் ஒயரைப் பார்த்தபோது, அந்த ஒயர் வழியாகப் பூச்சிகள் ஊர்ந்து போவதுபோல அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் கற்பனையை விளையாட்டாக்க ஆறு வருஷம் ஆனது.

சரி, மேட்டருக்கு வருவோம். இதில் அப்படி என்ன இன்பம்?

முதலில் எல்லோரும் சொல்லும் பதில், சேகரிப்பு. ஸ்டாம்ப், தீப்பெட்டிப் படம், கிரிக்கெட் அட்டை மாதிரி எல்லாவற்றையும் சேர்த்து முடிக்கும் ஆசை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. முதல் விளையாட்டில் 151 ஜந்துக்கள். சிலது ரெட்டில் மட்டும் கிடைக்கும், சிலது கிரீனில் மட்டும். நின்டெண்டோவின் ஷிகேரு மியாமோட்டோவோடு பேசியதில் பிறந்த யோசனை அது. நண்பன் இல்லாமல் சேகரிப்பு முழுமையாகாது. இன்னும் சிலது கைமாறினால்தான் அடுத்த உருவம் எடுக்கும். ஆனால் 2022-ல் வந்த ஸ்கார்லெட், வயலெட்டோடு மொத்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. எனக்குத் தெரிந்து விளையாடுகிறவர்களில் அத்தனையையும் சேர்த்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் அத்தனை பேரிடமும் "என்னோட ஆறு" என்று ஓர் அணி இருக்கிறது. சேகரிப்பு மட்டும்தான் காரணம் என்றால் அந்த ஆறுக்கு என்ன அர்த்தம்?

அடுத்த பதில், பலம். லெவல் ஏற ஏற எதிரியைப் போட்டுப் பந்தாடலாம், அந்தக் கெத்து. இதுவும் பாதி சரிதான். மீதிப் பாதி ஏன் சரியில்லை என்பதற்கு என்னிடமே ஓர் ஆதாரம் இருக்கிறது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2008. நான் ஆறாம் வகுப்பு. சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா குடும்பம் ஊர்க் கொடைக்கு வந்திருந்தது. கிளம்பும்போது அண்ணன் தன்னுடைய பழைய கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே ஃபயர்ரெட் கேட்ரிட்ஜ். 2004-ல் வந்த பதிப்பு, முதல் விளையாட்டின் மறுவடிவம். எங்க ஊரில் அப்போது கரண்ட் எப்போ போகும், எப்போ வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. எஸ்பியில் திரைக்கு விளக்கு உண்டு, சார்ஜ் ஏறும் பேட்டரி உண்டு. எனக்கு வேறென்ன வேண்டும்?

அதில் அண்ணனின் விளையாட்டு அப்படியே இருந்தது. எல்லாப் பதக்கமும் வாங்கியாச்சு, கடைசிச் சாம்பியனையும் ஜெயிச்சாச்சு. எண்பதைத் தாண்டிய லெவலில் ஆறு ஜந்துக்கள். சாரிசார்ட் என்ற நெருப்பு டிராகன் ஒன்று ஊதினால் எதிரில் எதுவும் நிற்காது. நான் ஒரு மாதம் அதை வைத்து ஊர் சுற்றினேன். போனேன், ஊதினேன், ஜெயித்தேன். நாலாவது வாரம் பெட்டியைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டேன். போர் அடித்துவிட்டது.

அண்ணன் போனில் கேட்டான். "விளையாடுறியாடா?"

"எல்லாம் நீயே முடிச்சுட்டியேண்ணே."

"அப்போ அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பி."

"உன்னோடது போயிருமே?"

"அட, அழிடா. எனக்கு இங்க வேற இருக்கு."

அந்த கேட்ரிட்ஜில் ஒரே ஒரு சேவ்தான் வைக்க முடியும். புதியது எழுதினால் பழையது போச்சு. அழித்தேன். புதிதாக ஆரம்பித்தேன். ஐந்தாம் லெவலில் ஒரு குட்டி ஜந்து, எலியிடம்கூட அடி வாங்கும். அன்றிலிருந்து ஆறு மாதம் அந்தப் பெட்டியை நான் கீழே வைக்கவில்லை. கணக்குப் பரீட்சை மார்க்கு அதற்குச் சாட்சி :-)

கவனியுங்க. அதே பெட்டி, அதே விளையாட்டு, அதே பையன். பலம் கையில் இருந்தபோது போர். ஒன்றுமே இல்லாதபோது பைத்தியம். ஆக, பலம் காரணம் இல்லை. பலம் வந்த வழிதான் காரணம்.

விளையாட்டை எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. நண்பனிடமிருந்து பெரிய லெவல் ஜந்துவை மாற்றி வாங்கினால், போதுமான பதக்கம் இல்லாதவரை அது நம் சொல் பேச்சு கேட்காது. சண்டை நடுவே தூங்கும், வேறு எதையாவது செய்யும். "நீ வளர்க்கவில்லை, உனக்கு உரிமை இல்லை" என்று விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

*

இப்போ கெண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஃபயர்ரெட்டில் மூன் மலைக்குப் போகும் முன்னால் ஒரு ஆள் நிற்பான். 500 காசுக்கு ஒரு மீனைத் தலையில் கட்டுவான். மேஜிகார்ப். ஜப்பானியர்களின் கெண்டை மீன், சிவப்பு நிறம், பேந்தப் பேந்த முழிக்கும் கண்ணு. அதற்குத் தெரிந்த ஒரே வித்தை தண்ணீர் இல்லாத இடத்தில் துள்ளுவது. துள்ளினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகவில்லை என்று விளையாட்டே திரையில் எழுதிக் காட்டும். விளையாட்டு முழுக்க அதைவிட உதவாக்கரை கிடையாது.

வாங்கினேன். பெயர் வைக்கச் சொன்னது. ஆங்கில எழுத்தில் "கெண்டை" என்று அடித்தேன்.

அதை வளர்ப்பது ஒரு தனி வேலை. அதனால் யாரையும் அடிக்க முடியாது. ஆகவே சண்டையில் முதலில் அதை அனுப்பி, உடனே திரும்பக் கூப்பிட்டு, வேறொன்றை அனுப்பி ஜெயிக்க வேண்டும். தலையைக் காட்டிய குற்றத்துக்காகக் கெண்டைக்கும் பாதி அனுபவம் கிடைக்கும். கல்யாண வீட்டில் மொய் எழுதும் வரிசையில் தலையைக் காட்டிவிட்டுப் பந்திக்குப் போவதுபோல. லெவல் 15-ல் லேசாக முட்டக் கற்றுக்கொண்டது. 20-ல் திரை மின்னியது. மீன் போய் ஆளை விழுங்கும் கடல் நாகம் வந்து நின்றது. அதற்குப் பெயர் க்யாரடோஸ். ஆனால் என் திரையில், அந்த விரிந்த வாய்க்கும் கோரைப் பல்லுக்கும் மேலே, இன்னும் "கெண்டை" என்றுதான் எழுதியிருந்தது.

என் மொத்த வாதமும் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது மக்களே. எதிரில் நிற்பவனுக்கு அது கடல் நாகம். எனக்கு மட்டும் அது கெண்டை. அதன் உதவாக்கரை நாட்களைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். வளர்ப்பதில் உள்ள சுகம் என்று நான் நினைப்பது அதைத்தான்: ஒன்றின் பலவீனமான நாட்களுக்குச் சாட்சியாக இருப்பது.

*

தொழில் புத்தி சும்மா விடுமா? பின்னாளில், கல்லூரி முடித்த பிறகு, அந்தக் கெண்டை மெமரியில் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று தோண்டிப் பார்த்தேன். அந்தத் தலைமுறை விளையாட்டுகளில் பெட்டகத்தில் போட்டு வைத்த ஒரு ஜந்துவின் அளவு சரியாக 80 பைட். இந்தப் பத்தியின் இரண்டாவது வாக்கியத்தைச் சேமிக்கவே அதைவிட அதிகம் வேண்டும்.

அந்த 80 பைட்டுக்குள் என்னென்ன? நாம் வைத்த பெயருக்கு 10 பைட். பிடித்தவன் பெயருக்கு 7. பிறக்கும்போதே ஒட்டிய ஓர் அடையாள எண். அதை 25-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அதன் சுபாவம் (இதை எழுதியவன் எங்கிருந்தாலும் வாழ்க). பிறவித் திறமைக்கு ஆறு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 31 வரை. எந்த மாதிரி எதிரியோடு மோதி வளர்ந்தது என்பதற்கு ஆறு எண்கள், மொத்தம் 510-க்கு மேல் ஏறாது. எந்த ஊரில், எந்த லெவலில் கிடைத்தது என்ற குறிப்பு. பாசத்துக்கு ஒரே ஒரு பைட், 0 முதல் 255 வரை. கூடவே நடந்தால் ஏறும். சண்டையில் மயங்கி விழவிட்டால் இறங்கும். கசப்பு மருந்து கொடுத்தாலும் இறங்கும் :-)

பாசத்தை எண்ணாக்கிவிட்டார்களே என்று சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் உற்றுப் பார்த்தால், அந்த 80 பைட்டில் பெரும்பகுதி அந்த ஜந்துவைப் பற்றியது அல்ல. அதற்கும் எனக்கும் நடுவே நடந்ததைப் பற்றியது. எங்கே சந்தித்தோம், என்ன பெயர் வைத்தேன், எதோடு மோதவிட்டேன், எவ்வளவு தூரம் கூட நடந்தேன். அது ஒரு சின்ன நாட்குறிப்பு.

ஒரு எஞ்சினியராக இங்கே ஒரு சிக்கல். அதே 80 பைட்டை எந்த ஏமாற்றுக் கருவியை வைத்தும் நொடியில் உருவாக்கலாம். பிறவித் திறமை எல்லாம் 31, லெவல் 100, பெயர் கெண்டை. பிட்டுக்குப் பிட்டு ஒரே மாதிரிகூட நகலெடுக்கலாம். ஒப்பிடும் புரோகிராம் எழுதினால் "இரண்டும் ஒன்றே" என்றுதான் சொல்லும். ஆனால் விளையாடுகிறவர்களிடம் கேளுங்க, "அது வேற, இது வேற" என்பார்கள். கூடுதல் மதிப்பு பைட்டில் இல்லை. அதைச் சேர்த்த மணிநேரங்களில் இருக்கிறது.

இதற்கு ஆராய்ச்சி ஆதரவும் உண்டு. மைக்கேல் நார்ட்டனும் சகாக்களும் 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆட்களைக் கூப்பிட்டு, காகிதத்தில் தவளையும் கொக்கும் மடிக்கச் சொன்னார்கள். மடித்தவர்கள் தங்களுடைய கோணல்மாணல் கொக்குக்கு, மற்றவர்கள் நிபுணரின் கொக்குக்குக் கொடுத்த விலைக்கு நெருக்கமாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். எனக்குப் பிடித்தது அதன் இன்னொரு முடிவு: செய்ததைப் பிரித்துப் போட்டாலும், பாதியில் விட்டாலும் அந்தப் பாசம் வரவில்லை. முடிந்து, கண் முன்னே நிற்க வேண்டும். கெண்டை இருபதாம் லெவலைத் தொட்டதுபோல.

ரிச்சர்ட் ரயான், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி ஆகிய மூவர் 2006-ல் எழுதிய கட்டுரை ஒன்றும் உண்டு. விளையாட்டு ஏன் இழுக்கிறது என்பதற்கு அவர்கள் மூன்று தேவைகளை வைத்துப் பார்த்தார்கள். நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற உணர்வு, எனக்கு முடிகிறது என்ற உணர்வு, உறவு. ஆபீசில் இந்த மூன்றும் ஒரே நாளில் கிடைத்தால் அன்றைக்கு லாட்டரிதான். ஒரு ஸ்பிரின்ட் முழுக்க உழைத்து எழுதியதை "ரிக்வயர்மென்ட் மாறிடுச்சு" என்று ஒரே வரியில் தூக்கிப் போடுவார்கள். இங்கே நான் ஏற்றிய லெவலை யாரும் இறக்க முடியாது. என் வயசுக்காரர்கள் இதில் ஒட்டிக்கொண்டிருக்க அது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

*

இதே வளர்ப்பைச் சிலர் வேறு மாதிரியும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

1996 நவம்பரில் ஜப்பானில் தமகோச்சி வந்தது. சாவிக்கொத்து அளவு முட்டைக்குள் ஒரு குஞ்சு. ஆனால் அது நிஜக் கடிகாரத்தில் வாழும். நாம் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது பசிக்கும், கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும். எனக்கு அது சரிப்படாது. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் எழுப்பும் போன் ஏற்கனவே தலைமாட்டில் இருக்கிறது, இன்னொன்று எதற்கு? போக்கிமானில் மூடி வைத்தால் உலகம் நின்று காத்திருக்கும்.

1997-ல் வந்த மான்ஸ்டர் ரேன்ச்சரில் ஏதாவது ஒரு பாட்டு சி.டி.யை பிளேஸ்டேஷனில் போட்டால் அதிலிருந்து ஒரு ஜந்து பிறக்கும். ராஜா சி.டி. போட்டால் என்ன பிறக்கும் என்று யோசித்துக்கொண்டே ஒரு வாரம் போனது எனக்கு. ஆனால் அந்த ஜந்துக்களுக்கு ஆயுள் உண்டு. வளர்ந்து, ஜெயித்து, கிழடாகிச் செத்துப்போகும். மெகாமி டென்செய்யில் இரண்டு பேய்களைக் கலந்து மூன்றாவதாக ஒன்று செய்வார்கள். அதில் பாசம் வைத்தால் வேலைக்காகாது, கணக்குப் போட வேண்டும். 2024 ஜனவரியில் வந்த பால்வேர்ல்டில் பிடித்த ஜந்துக்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கலாம். அதிகமாக வேலை வாங்கினால் அவற்றுக்கு மனச்சோர்வு வரும், அல்சர்கூட வரும். ஒரு மாதத்தில் இரண்டரைக் கோடிப் பேர் அதை விளையாடினார்கள். எனக்குத்தான் ஆபீஸ் ஞாபகம் வந்து மூடி வைத்துவிட்டேன்.

எங்க தாத்தா ஆடு வளர்த்தவர். ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. பேர் வைத்த கையாலேயே ஆடிக் கொடைக்கு விற்பார். விற்ற அன்று ராத்திரி சாப்பிட மாட்டார். நிஜத்தில் வளர்ப்பு என்றால் அதன் மறுமுனையில் ஒரு பிரிவு இருக்கும். போக்கிமானில் அது இல்லை. தோற்றால் மயங்கும், ஆஸ்பத்திரிக்குப் போனால் காசு வாங்காமல் எழுப்பிவிடுவார்கள். வலி இல்லாத வளர்ப்பு. அதனால்தான் பிடிக்கிறது என்று முடித்துக்கொள்ளலாமா?

முடியாது. ஏனென்றால் 2010-ல் நிக் ஃபிராங்கோ என்பவர் தனக்குத்தானே சில விதிகளைப் போட்டுக்கொண்டு விளையாடி, அதைப் படக்கதையாக வரைந்தார். மயங்கினால் செத்ததாகக் கணக்கு, திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வோர் இடத்திலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டுமே பிடிக்கலாம். பின்னால் மூன்றாவதாக ஒரு விதியும் வழக்கமாகச் சேர்ந்துகொண்டது: எல்லாவற்றுக்கும் கட்டாயம் பெயர் வைக்க வேண்டும். இதற்கு நஸ்லாக் என்று பெயர். உலகம் முழுக்க இப்படி விளையாடுகிறார்கள். விளையாட்டே கொடுக்காத சாவைத் தாங்களே கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார்கள். ஏன்? இழக்க முடியாத ஒன்றின் மேல் பாசம் கெட்டிப்படுவதில்லை. அதிலும் அந்த மூன்றாவது விதியைப் பாருங்க. பெயர் வைத்தால்தான் வலிக்கும் என்று தெரிந்தே சேர்த்திருக்கிறார்கள்.

இன்னொரு கூத்து 2014-ல் நடந்தது. பழைய ரெட் விளையாட்டை இணையத்தில் ஓடவிட்டு, பார்க்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் பட்டனைச் சொல்லலாம் என்று விட்டார்கள். பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பதினாறு நாளில் முடித்தும்விட்டார்கள். நடுவே அந்தக் கூட்டக் குழப்பத்தில், ஆரம்பத்திலிருந்து கூட வந்த ஜந்து கைதவறி விடுவிக்கப்பட்டுவிட்டது. அதற்கு இரங்கல் படங்கள் வரைந்தார்கள். யாருமே முழுசாக வளர்க்காத ஒன்றுக்கு அத்தனை பேரும் துக்கம் கொண்டாடினார்கள். சேர்ந்து பார்த்திருந்தார்களே, அது போதும்.

2019 ஜூனில் நடந்தது இன்னும் பெரிய சண்டை. அடுத்து வரும் ஸ்வோர்டு, ஷீல்டு விளையாட்டில் எல்லாப் பழைய ஜந்துக்களையும் கொண்டுவர முடியாது என்று தயாரிப்பாளர் ஜுனிச்சி மசுடா அறிவித்தார். ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அபத்தம். புதிதாக எத்தனையோ கிடைக்கும்போது பழையது எதற்கு? ஆனால் அவர்களில் பலர் 2003-ல் பிடித்த ஒன்றை ஒவ்வொரு பெட்டியாக மாற்றி மாற்றிக் கொண்டுவந்தவர்கள். அட்வான்ஸிலிருந்து டிஎஸ், டிஎஸ்ஸிலிருந்து 3டிஎஸ், அங்கிருந்து பேங்க், 2020 முதல் ஹோம். பெரும்பாலும் ஒருவழிப் பாதை. 2023 மார்ச்சில் 3டிஎஸ் கடை மூடியதிலிருந்து பேங்கைப் புதிதாக இறக்க முடியாது. 2024 ஏப்ரலில் 3டிஎஸ்ஸின் ஆன்லைன் சேவைகளை நிறுத்தியபோதும் பேங்கை மட்டும் விட்டுவைத்தார்கள், அதுவும் ஒருநாள் நிற்கலாம் என்று சொல்லியே. ஒரு 80 பைட்டுக்காக மனிதர்கள் பாலம் பாலமாகத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

*

போன தீபாவளிக்கு அண்ணனோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு எங்கெங்கோ போய் அந்தப் பழைய பெட்டிக்கு வந்தது. "இன்னும் ஓடுதாடா?" என்றான். ஓடுகிறது என்று எடுத்துக் காட்டினேன். கெண்டையையும் காட்டினேன், லெவல் 63. சிரித்தான். பிறகு, "என் சாரிசார்ட் இருக்கா?" என்றான்.

"நீதானண்ணே அழிக்கச் சொன்ன."

"ஆமால்ல" என்றான். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "அதுக்கு ஸ்கூல் பஸ்ஸுல வச்சு லெவல் ஏத்துனேன். தினமும் நாப்பது நிமிஷம்."

பதினேழு வருஷம் கழித்து, முப்பத்தெட்டு வயசு மனுஷனுக்கு அந்த நாற்பது நிமிஷம் ஞாபகம் இருக்கிறது. ஆபீஸ் நண்பர் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அதோடு விஷயம் முடிந்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. போன் பக்கத்தில் நின்றிருந்த அண்ணன் பொண்ணு, எட்டு வயசு, திரைக்குள் தலையை நீட்டி, "சித்தப்பா, அப்பா விளையாடினதை நானும் விளையாடணும். லீவுக்கு வரும்போது தர்றீங்களா?" என்று கேட்டுவிட்டது. அவளிடம் புது ஸ்விட்ச் இருக்கிறது. ஆனால் அப்பா விளையாடியதுதான் வேண்டுமாம்.

ஒரு கேட்ரிட்ஜ், ஒரு சேவ். கெண்டை வைத்துக்கொண்டே கொடுக்கலாம். ஆனால் 63-ஆம் லெவல் நாகத்தை வைத்து அவள் ஒரு மாதம் ஊதித் தள்ளிவிட்டு அலமாரியில் போடுவாள், அது எனக்குத் தெரியும். அவளுக்கென்று ஒன்று ஐந்தாம் லெவலில் இருந்து வளர வேண்டும்.

ஆக, கெண்டை குடிபெயர வேண்டும். பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் டிஎஸ் லைட் ஒன்றும் டைமண்ட் கேட்ரிட்ஜ் ஒன்றும் வாங்கியிருக்கிறேன். டிஎஸ் லைட்டின் கீழ்ப் பக்கத்தில் பழைய கேட்ரிட்ஜைச் செருக ஒரு துளை இருக்கிறது. ஆனால் நேரே மாற்ற முடியாது. டைமண்டில் அந்த ஊரின் 150 ஜந்துக்களையும் கண்ணால் பார்த்து, சாம்பியனை ஜெயித்தால்தான் பால் பார்க் என்ற இடம் திறக்கும். அதன் வழியாகத்தான் பழையவர்கள் வர முடியும். தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்கிறேன். இதுவரை 22 மணி நேரம் ஆகியிருக்கிறது. ஒரு மீனுக்காக.

இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. அலைமேல் நீந்தும் வித்தை போன்ற சில சிறப்பு வித்தைகள் தெரிந்த ஜந்துவைப் பால் பார்க் ஏற்காது. கெண்டைக்கு நீச்சல்தான் பிரதானம், கடல் முழுக்க என்னை முதுகில் சுமந்தது அதுதான். ஃபியூஷியா நகரத்தில் வித்தையை மறக்கடிக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் கூட்டிப்போய் நீச்சலை மறக்கடிக்க வேண்டும். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் பூங்காவில் இறங்கி என் கெண்டையை நானே மறுபடி பிடிக்க வேண்டும். தப்பிக்காத பந்து கொடுப்பார்கள். பெயர் மாறாது. கான்டோவிலிருந்து வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். திரும்பி வர வழி கிடையாது.

அவள் டிசம்பரில் வருகிறாள். எனக்கு இன்னும் மூன்று பதக்கம் பாக்கி.

டிஸ்கி: கல்யாணப் பேச்சை எடுக்க நினைக்கும் சொந்தங்கள் கெண்டை கரை சேரும்வரை பொறுத்தருளவும். நீங்க முதன்முதலில் வளர்த்த ஜந்து எது, என்ன பேர் வச்சீங்க என்பதைக் கட்டாயம் சொல்லிட்டுப் போங்க :-)